சக்கரம் இறங்க மறுத்தால்? சிறிய விமானப் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். மாலை 5.40 மணி அளவில் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், மேலே ஏறிய சிறிது நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு காட்டியது. உள்ளே 140க்கும் மேற்பட்டவர்கள். விமானம் ஷார்ஜாவுக்குப் போகவில்லை, உடனே தரையிறங்கவும் இல்லை. இரண்டரை மணி நேரம் திருச்சி, புதுக்கோட்டை வானிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையாக நின்றன. முதலமைச்சர் தொலைபேசியில் அதிகாரிகளுடன் ஆலோசித்து ஏற்பாடுகளைச் செய்யச் சொன்னார். ஊர் முழுக்க ஆளுக்கொரு போனில், அந்த விமானம் போடும் வட்டத்தை வரைபடத்தில் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இரவு 8.15 மணி அளவில் சக்கரங்கள் முறையாக இறங்கி, விமானம் சாதாரணமாகத் தரை தொட்டது. ஒருவருக்கும் காயம் இல்லை.

அன்றைக்கு எல்லார் வாயிலும் வந்த கேள்வி: "கோளாறுன்னா சீக்கிரம் இறக்க வேண்டியதுதானே, ஏன் சுத்திக்கிட்டே இருக்காங்க?"

நல்ல கேள்விதான். ஷார்ஜா வரைக்கும் போக வேண்டிய எரிபொருள் டேங்கில் இருக்கிறது. அந்த எடையோடு இறங்கினால் ஓடுபாதையில் நிற்கப் பிடிக்கும் தூரம் அதிகமாகும், சக்கரக் கால்கள் மீது விழும் சுமையும் அதிகமாகும். ஏதாவது தவறிப்போனால் தீப்பிடிக்க அத்தனை எரிபொருளும் கைவசம் இருக்கும். போயிங் 737 மாதிரியான விமானங்களில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி கிடையாது. நாம் உள்ளூரில் பயணிக்கும் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களிலும் கிடையாது. அதனால் பறந்துதான் தீர்க்கணும். அந்த நேரத்தில் விமானிகள் கையேட்டை எடுத்துவைத்து ஒவ்வொரு படியாகச் சரிபார்ப்பார்கள், தரையில் இருப்பவர்கள் தயாராவார்கள். விமான நிலையம் 'முழு அவசரநிலை' என்று அறிவிப்பதற்கும் இதே பொருள்தான். தீயணைப்பும் மருத்துவமும் ஓடுபாதை ஓரமாக வந்து நிற்கட்டும் என்ற உத்தரவு அது. விமானம் விழப்போகிறது என்ற அறிவிப்பு இல்லை. அன்று விமானிகள் அவசரத் தரையிறக்கம் எதையும் அறிவிக்கவே இல்லை என்று நிறுவனம் பின்னால் விளக்கம் தந்தது.

திருச்சியில் பழுதானது ஹைட்ராலிக் அமைப்பு. சக்கரங்கள் கடைசியில் வேலை செய்தன. வேலை செய்யாமல் போனால் என்ன நடக்கும்? சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ சேலத்துக்கோ போகும் எழுபது எண்பது பேர் விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஆனால் நாம் என்ன செய்யணும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மூன்று பச்சை விளக்கு

விமானத்தின் சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் கால்கள், மடக்கி நீட்டும் கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து லேண்டிங் கியர் என்கிறோம். முன்னால் மூக்குக்குக் கீழே ஒரு கால், நடுவில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கால். எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது நடுக்கால்கள் இரண்டும்தான். ஒவ்வொரு காலுக்குள்ளும் எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் அடைத்த குழாய் ஒன்று இருக்கும். நம்ம பைக்கில் இருக்கிற ஷாக் அப்சார்பருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஆர் 72 விமானம் 23 டன் வரைக்கும் எடை தூக்கிக் கிளம்பக்கூடியது. அது மணிக்கு 200 கிலோமீட்டர் அளவு வேகத்தில் வந்து தரையைத் தொடும்போது வரும் அதிர்ச்சியை அந்தக் குழாய்தான் விழுங்குகிறது.

மேலே போனதும் கால்கள் மடங்கி உள்ளே போகும். ஒரு கொக்கி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது விமானி நெம்புகோலைத் தள்ளினால் கொக்கி விடுபட்டு, கதவு திறந்து, கால் கீழே வந்து, இன்னொரு பூட்டு விழும். அந்தப் பூட்டு விழுந்தால்தான் கால் எடையைத் தாங்கும். மூன்று காலும் பூட்டிவிட்டால் விமானி முன்னால் மூன்று பச்சை விளக்கு எரியும். ஒன்று எரியவில்லை என்றாலும் இறங்க மாட்டார்கள். மறுபடி மேலே ஏறி, என்ன ஏது என்று பார்ப்பார்கள்.

ஹைட்ராலிக் முழுவதும் போய்விட்டாலும் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். கொக்கியை மட்டும் கையால் இழுத்து விடுவித்தால், கால் தன் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். சில விமானங்களில் கடைசித் தள்ளலுக்கு கைப்பம்பும் உண்டு. பெரும்பாலான கோளாறுகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. பயணிகளுக்கு "ஏதோ லேட் ஆச்சு" என்பதோடு சரி.

அந்த வழியும் உதவாத நிலை வந்தால்தான் செய்தியாகிறது. அப்படி ஒரே நிறுவனத்துக்கு ஏழு வாரத்தில் மூன்று முறை வந்தது.

ஆல்போர்க், வில்னியஸ், கோபன்ஹேகன்

2007 செப்டம்பர் 9. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து அதே நாட்டின் வடபகுதியில் இருக்கும் ஆல்போர்க் நகரத்துக்கு எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று வந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குப் பொதுவான பெரிய விமான நிறுவனம் அது. விமானம் கனடாவில் தயாரான டேஷ் 8 கியூ400. இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும் சிறிய விமானம். (இந்தியாவில் ஸ்பைஸ்ஜெட் பயன்படுத்துவதும் இதே வகைதான்.) உள்ளே 69 பயணிகள், 4 பணியாளர்கள்.

இறங்கத் தயாரானபோது வலது காலுக்குப் பச்சை விளக்கு எரியவில்லை. மாற்று வழியையும் முயன்றார்கள், பலன் இல்லை. ஏன்னா, கால் மாட்டிக்கொள்ளவில்லை. அது உடைந்திருந்தது. காலை மேலே இழுக்கவும், கீழே வரும்போது மெதுவாக இறக்கவும் ஒரு ஆக்சுவேட்டர் உண்டு. கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோமே, அந்த வேலை. அதன் தண்டும் முனையும் சேரும் மரையில் துரு அரித்து, முனை கழன்றுவிட்டது. கயிறு அறுந்த வாளி மாதிரி கால் தடாலென்று விழுந்ததில், அதைப் பூட்ட வேண்டிய பாகமே சேதமானது.

விமானிகளுக்கு இந்த விவரமெல்லாம் வானில் தெரியாது. வலது கால் நம்ப முடியாதது என்பது மட்டும்தான் தெரியும். அவர்கள் செய்த ஒரு காரியம் முக்கியமானது. காற்றாடிக்கு நேராக உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி வேறு இருக்கைகளுக்கு மாற்றினார்கள். தரை தொட்டதும் வலது கால் மடங்கியது. இறக்கை சாய்ந்து தரையில் உரசியது, தீப்பொறி பறந்தது, சற்று நேரம் நெருப்பும் பிடித்தது. சுழன்றுகொண்டிருந்த காற்றாடி தரையில் மோதிச் சிதறி, அதன் துண்டுகள் விமானத்தின் உடலைத் துளைத்து உள்ளே வந்தன. விமானம் நிற்பதற்குள் நெருப்பு தானாகவே அணைந்தது. ஐந்து பேருக்கு லேசான காயம். அவ்வளவுதான்.

மூன்றே நாள் கழித்து, செப்டம்பர் 12. கோபன்ஹேகனிலிருந்து லித்துவேனியா நாட்டின் பலாங்கா நகருக்குப் போக வேண்டிய இன்னொரு கியூ400க்கும் அதே தொல்லை. தலைநகர் வில்னியஸுக்குத் திருப்பி இறக்கினார்கள். வலது கால் மடங்கியது. உள்ளே இருந்த 52 பேரும் வெளியே வந்தார்கள். இந்த முறை கனடாவில் இருந்த தயாரிப்பாளர் பொம்பார்டியரே, 10,000 முறைக்கு மேல் தரையிறங்கிய கியூ400 விமானங்கள் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்வரை பறக்க விடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. துருப்பிடித்த மரைகளைத் தேடி, பாகங்களை மாற்றி, அக்டோபரில் எஸ்ஏஎஸ் மறுபடி பறக்கத் தொடங்கியது.

அக்டோபர் 27, மூன்றாவது விமானம். நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து கோபன்ஹேகனுக்கு வந்தது. இரண்டு குழந்தைகள் உட்பட 44 பேர். மறுபடியும் வலது கால்தான், ஆனால் இந்த முறை அது கீழேயே வரவில்லை. விமானிகள் பலமுறை முயன்று பார்த்து, எரிபொருள் குறையும்வரை சுற்றினார்கள். ஆல்போர்க்கில் காற்றாடித் துண்டு உள்ளே பாய்ந்தது எல்லாருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டதால், இறங்குவதற்கு முன்பே வலது இன்ஜினை நிறுத்தினார்கள். பயணிகளையும் அந்தப் பக்கத்திலிருந்து நகர்த்தினார்கள். இரண்டே காலில் இறங்கி, விமானம் வலது பக்கமாகச் சாய்ந்து உரசி நின்றது. காற்றாடி சுழலாததால் சிதறவில்லை. உயிர்ச்சேதம் இல்லை.

விசாரணையில் இந்த மூன்றாவது கோளாறுக்கும் துருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரியவந்தது. ஹைட்ராலிக் எண்ணெய் போகும் வால்வின் துளையை, இடம் தவறிய ஒரு ஓ-ரிங் அடைத்துக்கொண்டிருந்தது. நம் வீட்டுக் குக்கர் வால்விலும் தண்ணீர்க் குழாயிலும் இருக்கிற ரப்பர் வளையத்தின் ஜாதிதான் அது.

எஸ்ஏஎஸ் காத்திருக்கவில்லை. மறுநாளே தன்னிடம் இருந்த 27 கியூ400 விமானங்களையும் நிரந்தரமாக நிறுத்துவதாக அறிவித்தது. பொறியியல் கணக்குப்படி அந்த முடிவு தேவைதானா என்று கேட்கலாம். இதே விமானங்களை வேறு பல நிறுவனங்கள் இன்றைக்கும் ஓட்டுகின்றன. ஆனால் பயணிகளின் மனதில் நம்பிக்கை போய்விட்டது, அதைக் கணக்கில் சேர்க்காமல் விமானம் ஓட்ட முடியாது. 2008இல் தயாரிப்பாளர்களிடமிருந்து எஸ்ஏஎஸ் இழப்பீடு பெற்றது. அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்தே பொம்பார்டியரிடம் புதிய விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தது.

மூன்று விபத்து, 169 பேர், ஒரு மரணம்கூட இல்லை. சக்கரம் இறங்காத விமானம் என்றால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கணும். ஓடுபாதை தயாராக இருந்து, வேகம் குறைந்து, எரிபொருளும் குறைவாக இருந்தால், விமானம் சறுக்கிக்கொண்டு போய் நின்றுவிடும்.

நம் நாட்டிலும் அப்படி நடந்திருக்கிறது. 2021 மே 6 அன்று நாக்பூரிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஹைதராபாத்துக்குக் கிளம்பிய சின்ன ஆம்புலன்ஸ் விமானத்தின் சக்கரம் ஒன்று, புறப்படும்போதே கழன்று விழுந்தது. விமானத்தை மும்பைக்குத் திருப்பினார்கள். ஓடுபாதையில் நுரை தெளித்து வைத்தார்கள். சக்கரங்களை இறக்காமலேயே வயிற்றால் இறக்கினார் விமானி. நோயாளி, உறவினர், மருத்துவர் உட்பட ஐந்து பேரும் பத்திரம்.

2025 செப்டம்பர் 12 அன்று குஜராத்தின் கண்ட்லாவிலிருந்து மும்பைக்குக் கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் கியூ400 விமானத்திலிருந்தும் ஒரு சக்கரம் விழுந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் கருப்பாக ஏதோ விழுவதைக் கவனித்து, வண்டி அனுப்பித் தேடியதில் ஓடுபாதையில் சக்கரம் கிடைத்தது. இந்த இடத்தில் ஒரு வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. சக்கரம் கழல்வதும் கால் மடங்குவதும் ஒன்றல்ல. நடுக்கால் ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரங்கள் இருப்பதால், ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். அந்த விமானம் மும்பையில் இறங்கி, தன் மீதிச் சக்கரங்களிலேயே ஓடி நின்றது.

உயிர் எங்கே போகிறது

அப்படியென்றால் லேண்டிங் கியர் விபத்துகளில் யாரும் சாவதில்லையா? சாகிறார்கள். பெரும்பாலும் மடங்கிய காலால் அல்ல, அதையொட்டி நடப்பவற்றால்.

2019 மே 5, மாஸ்கோவின் ஷெரெமெத்யேவோ விமான நிலையம். மூர்மன்ஸ்க் நகருக்குக் கிளம்பிய ஏரோஃப்ளோட் நிறுவனத்தின் சுகோய் சூப்பர்ஜெட் 100. நூறு பேர் வரை ஏறக்கூடிய சிறிய ஜெட் அது, அன்று 78 பேர் இருந்தார்கள். கிளம்பிய சில நிமிடங்களில் மின்னல் தாக்கி, தானியங்கிக் கட்டுப்பாடுகள் செயலிழந்தன. விமானி கையால் ஓட்டியபடி அரை மணி நேரத்துக்குள்ளாகவே திரும்பி வந்தார். எரிபொருள் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, எடையும் தரையிறங்க அனுமதித்த அளவுக்கு மேல். ஓடுபாதையில் விமானம் பந்து மாதிரி எகிறி எகிறி விழுந்தது. கடைசி அடியில் நடுக்கால்கள் உடைந்தன, எரிபொருள் டேங்க் கிழிந்தது, பின்பாதி தீப்பற்றியது. முன்கதவுகள் வழியாக மட்டும்தான் வெளியேற முடிந்தது. 41 பேர் இறந்தார்கள். விமானியை நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்து, 2023இல் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

விமானத்தின் கால் அளவுக்கு மீறி அடிபட்டால், டேங்கைக் கிழிக்காமல் தனியே முறிந்து போகும்படிதான் வடிவமைக்கிறார்கள். பலவீனமான ஆணி ஒன்றை வேண்டுமென்றே வைத்து, அது முதலில் உடையட்டும் என்று விடுவது வழக்கம். அடுத்தடுத்து விழுந்த அடிகளுக்கு முன்னால் அன்று அந்தப் பாதுகாப்பு போதவில்லை.

அந்தத் தீயிலிருந்து வெளியே ஓடி வந்தவர்களில் சிலர் கையில் பை, சிலர் தோளில் முதுகுப்பை. அந்தக் காட்சிகளை உலகமே பார்த்தது. பின்னால் புகையில் ஆட்கள் நிற்கும்போது முன்னால் ஒருவர் மேலே கைநீட்டிப் பை எடுக்க எத்தனை நொடி ஆகும்? உங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கிற பெட்டியை இறக்கிப் பாருங்கள், தெரியும்.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் இன்னொரு விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. காரணம் வேறு, விமானமும் பெரியது. ஆனால் அதிலிருந்த 379 பேரும் பைகளை விட்டுவிட்டு உயிரோடு வெளியே வந்தார்கள்.

பொறுமையாகச் சுற்றுவதற்கும் ஒரு எல்லை இருக்கு. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்டில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் லேண்டிங் கியர் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றியது. தலைமை விமானியின் கவனம் முழுக்க சக்கரத்தில். எரிபொருள் தீர்ந்துகொண்டு வருவதை உடன் இருந்தவர்கள் சொன்னாலும் அழுத்திச் சொல்லவில்லை. இன்ஜின்கள் நின்று, புறநகர்ப் பகுதியில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், கீழ்நிலையில் இருப்பவர் தயங்காமல் சொல்லவும் தலைமை விமானி காதுகொடுத்துக் கேட்கவும் தனிப் பயிற்சி தரத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்க விமானிகள் அந்தப் பயிற்சி இல்லாமல் பயணிகள் விமானத்தை ஓட்ட முடியாது.

ஏடிஆரில் உட்காரும்போது

சிறிய விமானத்தில் சில விஷயங்கள் பெரிய விமானத்திலிருந்து மாறும். நீங்கள் ஏடிஆரில் ஏறுவது பின்வாசல் வழியாக. அதனால் அவசரத்தில் எல்லாருக்கும் பின்பக்கம் ஓடத்தான் தோன்றும். ஆனால் முன்பகுதியிலும் இரு பக்கமும் அவசர வழி இருக்கிறது. உட்கார்ந்ததும் உங்கள் இருக்கைக்கும் பக்கத்து வழிக்கும் இடையே எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, கையால் இருக்கை முதுகுகளைத் தொட்டு எண்ணிக்கொண்டே போகலாம். இன்னொன்று, இவ்வகை விமானங்களில் காற்றடைத்த சறுக்குப்பாதை கிடையாது. வாசல் தாழ்வு என்பதால் குதித்துத்தான் இறங்கணும். வயதானவர்களோடு போகிறவர்கள் இதை மனதில் வைத்திருக்கணும்.

ஏடிஆரின் நடுக்கால்கள் உடலின் அடிவயிற்று ஓரங்களில் மடங்கும். கியூ400இல் இறக்கையில் இருக்கிற இன்ஜின் கூட்டுக்குள் மடங்கும், அதனால் கால்கள் நீளம். இரண்டிலுமே காற்றாடி உண்டு. பணியாளர் வந்து "இந்த வரிசையில் இருக்கிறவங்க பின்னால போய் உட்காருங்க" என்று சொன்னால், ஏன், ஜன்னல் சீட்டுக்குக் காசு கொடுத்திருக்கேன் என்று வாதாடக் கூடாது. ஆல்போர்க்கில் காற்றாடித் துண்டு பாய்ந்ததை நினைத்துக்கொண்டு எழுந்து போங்கள்.

தரை தொடுவதற்குச் சற்று முன்னால் குனியச் சொல்லி உரக்கக் கத்துவார்கள். பெல்ட்டை இடுப்பில் தாழ்வாக, இறுக்கமாகப் போட்டுக்கொண்டு, பாதங்களைத் தரையில் பதித்து, குனிந்து தலையை முன் இருக்கையில் சாய்த்துக்கொள்ளணும். முதல் அடியோடு நிமிர வேண்டாம். விமானம் முழுவதுமாக நிற்கும்வரை அடுத்தடுத்து அடி விழலாம். கால் மடங்கிய விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும், அதனால் எழுந்து நடக்கும்போது தரை சரிவாக இருக்கும். எந்த வாசல் திறக்கலாம் என்று பணியாளர்கள் வெளியே பார்த்துவிட்டுச் சொல்வார்கள். தீ இருக்கிற பக்கத்துக் கதவை நாமே திறந்துவிட்டால் புகையை உள்ளே அழைத்த மாதிரி ஆகும்.

44 இருக்கைக்கு மேல் உள்ள விமானம் எதற்கும், பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 நொடிக்குள் எல்லாரையும் வெளியேற்ற முடியும் என்று தயாரிப்பாளர் நிரூபித்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சோதனையில் யாரும் மேலே கைநீட்டிப் பை எடுப்பதில்லை. நின்று செல்ஃபி எடுப்பதும் இல்லை.

பையை விட மனசு வராததற்குக் காரணம் புரியாமல் இல்லை. சம்பாதித்த பணம், சர்டிபிகேட், பாஸ்போர்ட், மாத்திரை எல்லாம் அதில்தானே இருக்கும். இதற்கு முன்னேற்பாடு செய்ய முடியும். ஆதார், ஓட்டுநர் உரிமம், பத்தாம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று ஆகியவற்றை டிஜிலாக்கரில் சேர்த்து வைத்துவிடுங்கள். சாதி, வருமானம், இருப்பிடச் சான்றிதழ்களை இ-சேவை மூலம் வாங்கியிருந்தால் அந்த பிடிஎஃப் கோப்பை மெயிலில் போட்டு வையுங்கள். பாஸ்போர்ட், அன்றைய மாத்திரை, போன் மூன்றும் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ இருக்கட்டும். மீதியை விட்டுவிட்டு எழுந்துவிடலாம். உயரமான ஹீல்ஸ் போட்டிருந்தால் இறங்குவதற்கு முன்பே கழற்றச் சொல்வார்கள், கழற்றிவிடுங்கள்.

கீழே இருக்கிற நமக்கு

சொந்தக்காரர் ஒருவர் அப்படிச் சுற்றும் விமானத்தில் இருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகம். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் வரும் 'விமானி கடைசியாகப் பேசிய ஆடியோ' போன்றவற்றைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். விமான நிறுவனம், விமான நிலையம், மாவட்ட நிர்வாகம் இவற்றின் அதிகாரப்பூர்வப் பக்கங்களில் தகவல் வரும். விமானத்தின் பாதையைக் காட்டும் செயலியில் வட்டம் வட்டமாகத் தெரிந்தால், விமானம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, உயரமும் வேகமும் சீராக இருக்கிறது என்று பொருள். விமான நிலையத்துக்குக் கிளம்பி ஓடுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். ஆம்புலன்ஸ் வர வேண்டிய சாலை அது. ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் தீயணைப்பு வண்டி போய்ச் சேரணும் என்பது சர்வதேச விதி. வெளியிலிருந்து உதவிக்கு வரும் வண்டிகளும் அதே வேகத்தில் உள்ளே போகணும் என்றால் வாசலில் கூட்டம் இருக்கக் கூடாது.

இறங்கிய பிறகு, வலி தெரியாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்ளுங்கள். கழுத்து, முதுகு வலி மறுநாள்தான் தெரியும். பரிசோதனைச் சீட்டையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வையுங்கள், இழப்பீடு கேட்க இரண்டும் தேவைப்படும். உள்ளே விட்டுவந்த பைகள் விசாரணை அதிகாரிகள் அனுமதித்த பிறகு நிறுவனத்தின் மூலம் திரும்ப வரும். அதில் தாமதமோ, டிக்கெட் பணத்தில் சிக்கலோ இருந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா இணையதளத்திலோ செயலியிலோ புகாரைப் பதிவு செய்யலாம். புகார் எண் கிடைக்கும், எந்த நிலையில் இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு அமைப்பின் வேலை. இந்தியாவில் விமான விபத்துகளையும் கடுமையான சம்பவங்களையும் விசாரிப்பது ஏஏஐபி எனப்படும் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு. 2012இல் தொடங்கப்பட்டது. சர்வதேச நடைமுறைப்படி விபத்து நடந்த 30 நாளில் முதல்நிலை அறிக்கை வர வேண்டும். இறுதி அறிக்கைக்கு ஓராண்டு வரை, சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அறிக்கைகள் அதன் இணையதளத்தில் பொதுமக்கள் படிக்கத் திறந்தே இருக்கின்றன. ஜன்னல் வழியாக இறக்கையையோ சக்கரத்தையோ நீங்கள் எடுத்த வீடியோ போனில் இருந்தால், அதை வெட்டாமல், பாட்டு சேர்க்காமல், எடுத்த நேரத்தோடு அப்படியே வைத்திருங்கள். எந்த நொடியில் கால் மடங்கியது, எந்தப் பக்கம் முதலில் புகை வந்தது என்பதை விசாரணை அதிகாரிகள் பயணிகளிடமும் கேட்பார்கள்.